மேம்பாலத்தில் ஏறினால் மூச்சு முட்டுகிறது: கார் ஓட்டுவதையே விட்டுவிடலாமா?

மதுரையிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் கல்லூரி விரிவுரையாளர். சில ஆண்டுகளாகத் தாமே கார் ஓட்டி, நத்தம் சாலை வழியாக வேலைக்குப் போய்வருகிறார். சென்ற ஆண்டு அவருடைய தந்தை மாரடைப்பால் திடீரென இறந்துபோனார். அதற்குச் சில மாதங்கள் கழித்து, விடைத்தாள் திருத்தும் வேலையில் தூக்கம் கெட்டிருந்த ஒரு வாரக் கடைசியில், மகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு நத்தம் சாலை உயர்மட்டப் பாலத்தில் வந்திருக்கிறார். பாதி வழியில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்களும் உதடும் மரத்துப்போக, ‘இதோ மயங்கப்போகிறேன், பிள்ளையோடு வண்டி மோதப்போகிறது’ என்ற எண்ணம் வந்தது. நிறுத்தவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் எப்படியோ பாலத்தைக் கடந்து, ஓரமாக நிறுத்திவிட்டுக் கணவரை வரவழைத்தார். அன்று எடுத்த இ.சி.ஜி.யிலும் பிறகு எடுத்த எக்கோவிலும் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. பாலத்தை விட்டு அடியிலுள்ள சாலையில் போனார். சிறிது காலத்தில் அங்கே சிக்னலில் நிற்கும்போதும் வந்தது. கணவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓட்டினார். இப்போது வாரத்தில் ஓரிரு நாள், குடும்ப மருத்துவர் எழுதித்தந்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். மற்ற நாட்களில் பேருந்து. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மீண்டும் சேர்ந்தும் பயனில்லை. கணவர் ‘எல்லாம் மனப்பிரமை, தைரியமாக இரு’ என்கிறார். மாமியார் பாலத்தில் ஏதோ அண்டியிருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப்போனார்.

அவர் கேட்பவை: இது இதயநோயின் தொடக்கமா? நான் மயங்கிவிட்டால் மகளின் கதி என்ன? மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா? மனநல மருத்துவரிடம் போனால் ஓட்டுநர் உரிமம் பறிபோகுமா, கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா? பேசாமல் கார் ஓட்டுவதையே விட்டுவிட்டால் என்ன?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விட்டுவிட வேண்டாம். ஆனால் சில வாரங்களுக்கு இரண்டு காரியங்களை நிறுத்தி வையுங்கள்: மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவதையும், மகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டுவதையும். மாத்திரை ஏன் கூடாது என்பதையும், மகளை மறுபடி எப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பது, மருத்துவத்தில் பேனிக் அட்டாக் என்று சொல்லப்படும் பீதித் தாக்கத்தின் இலக்கணத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. திடீரென எழுந்து, சுமார் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கும் அச்சம்; அதோடு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், மரத்துப்போதல், செத்துவிடுவோம் அல்லது நிலை தவறிவிடுவோம் என்ற எண்ணம். இத்தகைய தாக்கங்கள் எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடியும் வந்துவிடுமோ’ என்ற கவலையோ, அதற்குப் பயந்து வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பீதி நோய் என்கிறோம். இது நன்றாகக் குணமாகக்கூடிய நோய். அதனாலேயே உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதயத்தைப் பற்றி

இ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாக இருப்பது நல்ல செய்தி. எனினும் சில பரிசோதனைகள் விடுபட்டிருப்பதாகத் தெரிகிறது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே படபடப்பு வரும். ஆகவே டி.எஸ்.எச். என்னும் தைராய்டு சோதனை, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலர் பயன்படுத்துபவராக இருந்தாலும், விடைத்தாள் திருத்தும் இரவுகளில் காபி கூடிப்போயிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் சுவிட்சைப் போட்டாற்போலத் தொடங்கி, சுவிட்சை அணைத்தாற்போல நிற்கும் படபடப்பு உங்களுக்கு இருந்தால் அது இதயத் துடிப்பின் லயக் கோளாறாக இருக்கலாம். அது வராத வேளையில் எடுக்கும் இ.சி.ஜி.யில் தெரியாது, 24 மணி நேரம் உடலோடு பொருத்திப் பதிவுசெய்யும் ஹோல்டர் சோதனை வேண்டியிருக்கும். படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுவதுபோல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உள்காதின் சமநிலைக் கோளாறு உள்ள சிலருக்குத் திறந்த சாலையிலும் உயரத்திலும் வண்டி ஒருபக்கம் சாய்வதுபோலத் தோன்றுவதுண்டு.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் விடுகிற வலியோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலியோ, உண்மையிலேயே நினைவு தப்புவதோ நேர்ந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்கள் தந்தைக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால், இந்தப் பிரச்சினையோடு சேர்க்காமல் தனியாக, உங்கள் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் இனி ஆண்டுதோறும் கவனித்து வருவது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அதன்பிறகு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். தந்தையை இழந்த துக்கத்தில், நாள் முழுதும் உங்கள் நெஞ்சையே உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் உங்களை அறியாமல் வந்துவிட்டதென்று நினைக்கிறேன். கடிதத்தில் பாலத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கத்தைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைப்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததே.

மயங்கி விழுந்துவிடுவேனா?

உங்களை அதிகம் வதைக்கும் கேள்வி இதுதான். மயங்கி விழ வேண்டுமானால் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் சட்டென்று குறைய வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் இரத்த அழுத்தம் வீழ்ச்சியடைய வேண்டும். பீதியில் நடப்பது அதற்கு நேர்மாறானது. அட்ரினலின் சுரந்து, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. அதனால் பீதித் தாக்கத்தில் நினைவு தப்புவது அரிது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். உங்கள் பயம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

அப்படியானால் அந்தக் கிறுகிறுப்பு எதனால்? அச்சத்தில் நாம் வேகமாகவும் தேவைக்கு மேலாகவும் மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை லேசாகிறது. இரத்தத்தின் அமிலத்தன்மை மாறிக் கால்சியத்தின் செயல்பாடும் மாறுவதால் விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போகின்றன. மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த வேளையில் உண்மையில் நீங்கள் விடும் மூச்சு மிகுதியாகத்தான் இருக்கிறது. இது மிகவும் துன்பமான உணர்வு, ஆனால் ஆபத்தற்றது. ஆகவே உங்கள் கணவர் சொல்வதுபோல் மனப்பிரமையும் அல்ல; உடலில் அளந்து பார்க்கக்கூடிய மாற்றங்கள் நடக்கின்றன. வாசலில் கட்டியிருக்கும் நாய் தபால்காரரைக் கண்டாலும் திருடனைக் கண்டதுபோலவே குரைக்கும். குரைப்பு பொய்யல்ல, ஆனால் திருடன் வரவில்லை. இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள்.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கவனிக்கவில்லை. தாக்கத்தின் உச்சத்தில், நடுங்கும் கைகளோடு, நீங்கள் பாலத்தைக் கடந்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினீர்கள். கை கால்களும் கண்ணும் அந்த நிலையிலும் வேலை செய்தன. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தது பயன் தராததற்கும் இதுவே காரணம். உங்களிடம் குறைபட்டது ஓட்டும் திறமை அல்ல, உங்கள் உடலின் மீதான நம்பிக்கை.

பாலம் ஏன் கைவிலங்காக மாறியது?

அந்தப் பாலத்தின் நீளம் 7.3 கி.மீ. ஐம்பது கி.மீ. வேகத்தில் போனால் கடக்கச் சுமார் ஒன்பது நிமிடம். பீதித் தாக்கம் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஆகவே தாக்கம் தானாக இறங்கும் வேளையும் நீங்கள் பாலத்திலிருந்து இறங்கும் வேளையும் ஒன்றாகிவிடுகின்றன. ‘பாலத்தை விட்டு இறங்கியதால் தப்பித்தேன்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அந்தப் பாடம் தவறு. பாலம் இன்னும் பத்து கிலோமீட்டர் நீண்டிருந்தாலும் அச்சம் இறங்கித்தான் இருக்கும்.

அடுத்த முறை நீங்கள் பாலத்தை ஒதுக்கியபோது கிடைத்த நிம்மதி அந்தப் பாடத்தை உறுதிசெய்தது. பிறகு சிக்னல், பிறகு தனியாக ஓட்டுவது என்று ஒதுக்கவேண்டிய இடங்கள் பெருகின. வழியில் தப்பித்து வெளியேற முடியாத இடமெல்லாம் இவ்வாறு அச்சத்துக்குரியதாக மாறிக்கொண்டே போகும். சிகிச்சையின்றி விட்டால் நாளை பேருந்திலும், திரையரங்கின் நடு இருக்கையிலும், கோயில் வரிசையிலும் இதே நிலை வரலாம். கார் ஓட்டுவதை விட வேண்டாம் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது இதனால்தான். மாமியார் அன்போடு செய்வதை மறுத்துச் சண்டையிட வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவது ஆறுதல் தந்தால் போய்வாருங்கள். ஆனால் பாலத்தில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு, அதை இன்னும் ஒதுக்கவைக்கும் என்பதை மட்டும் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையும் ஸ்டீயரிங்கும்

அல்பிரசோலம் அச்சத்தை விரைவாக அடக்கும். அதோடு எதிர்வினையின் வேகத்தையும் கவனத்தையும் குறைக்கும்; குறுக்கே ஓர் இருசக்கர வாகனம் வந்தால் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் கூடும். அதன் விளைவு பல மணி நேரம் உடலில் நீடிப்பதால் காலையில் போட்டுவிட்டு மதியம் ஓட்டுவதும் பாதுகாப்பல்ல. பீதியைவிட இந்த மாத்திரையே உங்களையும் சாலையில் போகும் மற்றவர்களையும் அதிக ஆபத்தில் வைக்கிறது என்பது என் கருத்து. தொடர்ந்து எடுத்தால் சில வாரங்களிலேயே உடல் அதைச் சார்ந்திருக்கத் தொடங்கிவிடும். இன்னொரு இழப்பும் உண்டு: மாத்திரையோடு பாலத்தைக் கடந்தால் ‘மாத்திரையால் கடந்தேன்’ என்றுதான் மனம் எழுதிக்கொள்ளும்.

நீங்கள் வாரத்தில் ஓரிரு முறைதான் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தினமும் எடுக்கும் நிலைக்கு வந்திருந்தால் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அவசரத்துக்கு இது எழுதித்தரப்படுவது வழக்கம்தான், ஆனால் நீண்டகாலத் தீர்வு அல்ல.

மருந்து தேவைப்பட்டால், மனநல மருத்துவர்கள் முதலில் நாடுவது எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றை. குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் ஓரிரு வாரங்களில் படபடப்பும் குமட்டலும் சற்றுக் கூடலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயந்து நிறுத்திவிட மாட்டீர்கள். அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கான எண்ணம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தில்லாமலும் பலர் குணமாகிறார்கள். அடுத்து நான் சொல்லப்போகும் பயிற்சி, மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தேவை.

திரும்பிப் போகும் வழி

எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் சி.பி.டி. என்னும் உளச்சிகிச்சையில், அஞ்சுவதை நோக்கிப் படிப்படியாக நெருங்குவதே மையமான பயிற்சி. இதை ஓர் உளவியலாளரின் துணையோடு செய்வது சிறந்தது. முதற்படி காரில் அல்ல, வீட்டில். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டால் அதே கிறுகிறுப்பும் மரத்துப்போதலும் வரும். வரட்டும், அடக்காமல், ஜன்னலைத் திறக்காமல், தண்ணீர் குடிக்காமல், அது ஏறி இறங்குவதைப் பாருங்கள். பல நாள் செய்தால் அந்த உணர்வு பழகிப்போகும். இதய நோய், வலிப்பு, கடும் ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. நீங்களும் மேற்சொன்ன பரிசோதனைகள் முடிந்தபின் தொடங்குங்கள்.

பிறகு, கணவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பாலத்தைக் கடந்து வாருங்கள். கண்ணை மூடாமல், செல்பேசியைப் பார்க்காமல். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாகனங்கள் குறைவாக இருக்கும்போது நீங்கள் ஓட்டுங்கள், கணவர் பக்கத்தில் இருக்கட்டும். அதன்பின் அவர் பாலத்தின் மறுமுனையில் காத்திருக்கட்டும். அதன்பின் வீட்டில் இருக்கட்டும். கல்லூரி நாளின் நெரிசல் நேரம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு படியையும் ஒருமுறை கடந்ததோடு விட்டுவிடாமல், அலுப்புத் தட்டும்வரை அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பயமே இல்லாமல் போன பிறகு அடுத்த படிக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பயத்தோடும் ஓட்ட முடிகிறது என்பதே நீங்கள் கற்கவேண்டிய பாடம். தண்ணீர் பாட்டில், கைப்பையில் மாத்திரை, காதில் கணவரின் குரல் ஆகிய துணைகளையும் ஒவ்வொன்றாக விட்டுவிடுங்கள். ஓட்டும்போது செல்பேசியில் பேசுவது எப்படியும் கூடாது.

பாலத்தில் மறுபடியும் தாக்கம் வந்தால் சட்டென்று பிரேக் போடாதீர்கள். இடது ஓரத் தடத்துக்கு மாறி, வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஓட்டிக்கொண்டே இருங்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிய விரல்களைத் தளர்த்தி, பார்வையைத் தொலைவில் வையுங்கள். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் சற்று நீளட்டும். நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். பையை முகத்தில் வைத்து மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். வேகமாக வண்டிகள் வரும் மேம்பாலத்தின் நடுவே நிறுத்துவது, தாக்கத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. கண் இருள்கிறது, வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் மட்டும் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு இடது விளிம்பில் நிறுத்தி, தேசிய நெடுஞ்சாலைக்கான 1033 உதவி எண்ணை அழையுங்கள்.

உரிமம், கல்லூரி, சட்டம்

சிகிச்சைக்குப் போவதனாலேயே உரிமம் ரத்தாகாது. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் நோய் தமக்கு இருப்பதை அறிந்தே ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 185ஆம் பிரிவு மதுவோடு, போதை தரும் மருந்துகளின் தாக்கத்தில் ஓட்டுவதையும் சொல்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணிலும் உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியது மருத்துவமனைக்குப் போவதல்ல, மாத்திரையோடு ஓட்டுவதுதான். உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு, திடீர் நினைவிழப்பு, தலைச்சுற்றல் பற்றிய கேள்வி உண்டு. புதுப்பிக்கும்போது மறைக்காமல் பதில் சொல்லி, உங்கள் மருத்துவரின் சான்றை இணையுங்கள்.

கல்லூரிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் அனுமதியின்றி மருத்துவர் வெளியில் சொல்லக் கூடாது.

யாரைப் பார்ப்பது?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியார் மனநல மருத்துவர்களும் உங்கள் ஊரில் உள்ளனர். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது, ஏற்கெனவே எடுத்த சோதனைகளின் முடிவுகளையும், இதுவரை எத்தனை அல்பிரசோலம் மாத்திரை எடுத்தீர்கள் என்ற உண்மைக் கணக்கையும், முதல் தாக்கம் வந்த வாரத்தின் தூக்கம், காபி, துக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சி.பி.டி. செய்யும் உளவியலாளர் யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். தூக்க மாத்திரையை மட்டும் எழுதித் தந்து அனுப்பினால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். மகளை எப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். என் கணிப்பில், மாத்திரையின்றி, தனியாக, நெரிசல் நேரத்தில் சில வாரங்கள் தொடர்ந்து ஓட்டிய பிறகு அதற்குத் தடையிருக்காது. அதுவரை பள்ளிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.